ரிவர்ஸ் விழவில்லை

நாலு நாளாக முன்னால் மட்டுமே போகிறது
ஸ்டெல்லாவின் மாருதி.
கூரையில் மஞ்சள் போர்டு, கதவில் சிவப்பு எல்,
பின்சீட்டில் ஓட்டப் படிக்க வந்த இரண்டு பேர்.
வள்ளியூர் முட்டுச்சந்துகளில் மாட்டினால்
அவர்கள்தான் இறங்கித் தள்ளுகிறார்கள்.
இதுக்கும் சேத்துத்தான் பீஸ் கட்டிருக்கமா என்று
பணகுடிப் பையன் கேட்டுவிட்டானாம்.

"லிங்கதுரை, நாளைக்கு ஆறு பேருக்கு டெஸ்ட்.
ரிவர்ஸ் விழ மாட்டேங்கு.
கியர் பாக்ஸ் போச்சுன்னு மட்டும் சொல்லிராதீய."

நான் எதுவும் சொல்லவில்லை.
இன்ஜினை அணைத்தேன்.
கியரை வலப்பக்கம் ஒதுக்கிக் கீழே இழுத்தேன்.
ஊறிய புளிக்குள் விரல் போவதுபோல
இறங்கியது ரிவர்ஸ்.
ஸ்டார்ட் செய்து மறுபடி.

கர்ர்ர்.
தகரத்தின்மேல் இருந்த காக்கா எழுந்து போயிற்று.

அப்படியானால் பல் முறியவில்லை.
போர்க் வளையவில்லை, புஷ் தேயவில்லை.
பெட்டி நல்ல பெட்டி.
விட வேண்டியதை எதுவோ
முழுசாக விடவில்லை.

முன் கியர்களுக்கெல்லாம் ஒரு பித்தளை வளையம் உண்டு.
சுற்றுகிற இரண்டு பேரையும் சமாதானம் பேசி
ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து உள்ளே அனுப்பும்.
ரிவர்ஸுக்கு அந்த மத்தியஸ்தம் கிடையாது.
கிளட்ச் ஒரு நூல் ஒட்டிக்கொண்டிருந்தாலும்
பல்லைக் கடிக்கும்.

கேபிளை முறுக்கினேன், எட்டுச் சுற்று.
கர்ர்ர்.
மனசுக்குள் பிளேட், பேரிங், கூலி, ரெண்டு நாள் என்று
கூட்டிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தேன்.
பார்த்திருக்கக் கூடாது.

ஆனி மாதம். கணவாய்க் காற்று
டீயில் மண்ணைப் போட்டது.
ரோட்டுக்கு அந்தப் பக்கம் காற்றாலைகள்
யாருக்கும் பதில் சொல்லாமல் சுற்றின.

பெடலுக்குக் கீழே தலையை விட்டுப் படுத்தேன்.
முறுக்கு வியாபாரத்துக்கு வண்டி வாங்கப்போகிற முப்பிடாதியை
மிதிக்கச் சொன்னேன்.
"இன்னும்."
"இவ்வளவுதான் போவுது அண்ணாச்சி."
தரைக்கு இரண்டு விரல் மிச்சம்.

அங்கேதான் அந்தக் கம்பியைப் பார்த்தேன்.
படிக்கிறவர் பெடலிலிருந்து
சொல்லிக்கொடுக்கிறவர் பெடலுக்குப் போகும் கம்பி.
ஒன்று அமுங்கினால் இன்னொன்றும் அமுங்கும்.
ஒன்று நின்றால் இன்னொன்றும் நிற்கும்.
தவழ்ந்து இடப்பக்கம் போனேன்.
ஸ்டெல்லாவின் கிளட்சுக்கு அடியில்
டயர் அறுத்த துண்டுகள், ஒன்றின் மேல் ஒன்று,
சைக்கிள் டியூபால் இறுக்கிச் சுற்றி,
நகராதபடி பசை தடவி.
சுத்தமான வேலை. என் கடைப் பையன் செய்யமாட்டான்.

"இது என்னத்துக்கு?"

அவள் காற்றாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்,
"குதிங்கால் வைக்க. முட்டு மடக்க முடியல.
நாகர்கோயில்ல ஊசி போட்டாவ, கேக்கல."
பிறகு, குரலைத் தாழ்த்தி,
"பிள்ளைகளுக்குத் தெரியாண்டாம்."

தட்டி எடுத்து எறிந்திருக்கலாம்.
பெடல் வந்து இறங்கும் இடத்தில் மட்டும்
பிறைபோல அறுத்தேன்.
குதிங்காலுக்கு மிச்சத்தை விட்டேன்.
கேபிளில் எட்டுச் சுற்றையும் திருப்பி எடுத்தேன்.

அவளே ஏறினாள்.
சத்தமில்லை. பஞ்சர் தொட்டிக்கும் கரண்டுக் கம்பத்துக்கும் நடுவே
கண்ணாடி பார்க்காமல், தலையை முழுசாகத் திருப்பி,
படிக்கிறவர்களிடம் எதைச் செய்யாதே என்பாளோ
அதைச் செய்து
வண்டியைப் பின்னால் எடுத்தாள்.

காசு எண்ணிக்கொண்டிருந்தாள்.
முப்பிடாதி என் பக்கம் குனிந்து கேட்டார்,
"நாளைக்கு டெஸ்ட்ல
டீச்சர் பக்கத்துல உக்காருவாவளா?"

"மாட்டாவ. இன்ஸ்பெக்டர்தான்."

அவர் தன் வலது முழங்காலை
ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டார்.